மூணுக்கு மேல, அஞ்சுக்குக் கீழ

காலையில கோச்சிங் கிளாஸ் மாக் டெஸ்ட்ல ஒரு கேள்வி. x மூணை விடப் பெருசு, அஞ்சை விடச் சின்னது. x எவ்வளவுன்னு சொல்ல இந்தத் தகவல் போதுமா?

போதும், நாலுதான்னு டிக் அடிச்சேன். தப்பு. x முழு எண்ணுன்னு கேள்வியில எங்கயும் சொல்லலையாம். கூடப் படிக்கிற நசீரும் அதே தப்பு.

மத்தியானம் ரெண்டு பேரும் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பாண்ட இருக்குற கடையில பிரியாணி பார்சல் வாங்கப் போனோம். எத்தினின்னு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மூணு பத்தாதுடா, அஞ்சு ஜாஸ்தி."

கடைக்காரர்கிட்ட "நாலு"ன்னேன்.

நசீர் கையைப் புடிச்சிகினான். "முழு எண்ணுன்னு உங்கம்மா சொன்னாங்களா மாமு? இங்க ஆஃப் பிரியாணியும் கீது பாரு."

மூணரை வாங்கினு வந்தோம்.

அம்மா பிரிச்சுப் பார்த்துட்டு, "நாலுன்னு கூடவாடா தெரியாது? இதுக்குத்தான் படிக்கிறீங்களா?"ன்னாங்க.

பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஆஃப் யார் தட்டுக்கு வந்துச்சுன்னு சொல்ல இந்தத் தகவல் போதுமா?