ஆகாயத்தில் போன சீர்த்தட்டு

மலேசியாவின் அசாம் ஜாவா செம்பனைத் தோட்டத்தில் வேன் ஓட்டுகிறவர் சன்னாசி. முதலாளி லிங்கேஸ்வரன் சொந்தமாக ஒரு குட்டி விமானம் வாங்கியதிலிருந்து சன்னாசிக்கு வேலை இரட்டிப்பு. அவர் ஆகாயத்தில் போவார். இறங்கிய இடத்திலிருந்து ஏற்றிவர இவர் ரோட்டில் ஓடவேண்டும். இறக்கை இருந்து என்ன, வீட்டு வாசலிலா இறங்க முடிகிறது?

அன்று வடக்கே அலோர் ஸ்டாரில் தங்கச்சி மகள் துளசிக்கு நலங்கு. தாய்மாமன் சீர் கொண்டுபோய் முதல் சந்தனம் வைக்கவேண்டும். விடியும்போதே வேனில் கிளம்ப இருந்தவரை லிங்கேஸ்வரன்தான் மறித்தார்.

"கங்கா அக்காவுக்கு முட்டிவலி, வேன்ல எதுக்கு அண்ணே? பிளேன்ல ஒன்றரை மணி நேரம்தான்லா!"

நல்ல மனசோடு சொல்கிறவரிடம் எப்படி மறுப்பது? மனைவி கங்காவும், "மாலை வாடாது, ஜாங்கிரி நொறுங்காது" என்று தலையாட்டிவிட்டாள்.

வடக்கே போக, முதலில் தெற்கே சுபாங் விமான நிலையத்துக்குப் போனார்கள். அங்கே கங்காவையும் சீர்த்தட்டுகளையும் தராசில் ஏற்றி இறக்கினார்கள்.

"வெயிட் தாங்காது அண்ணே. நீங்க வேன்ல வந்திருங்க. எப்படியும் அங்க இறங்கினா வேன் வேணும். அந்தத் தேங்காய்த் தட்டையும் நீங்களே கொண்டாங்க."

சன்னாசி தேங்காய்களோடு தனியே புறப்பட்டார். விமானமோ மேகம் விலகட்டும் என்று தரையிலேயே காத்துக் கிடந்து, வெகுநேரம் கழித்துத்தான் கிளம்பியது. சன்னாசி பாதி வழியில் ஈப்போவைத் தாண்டி, கோலா கங்சாரையும் நெருங்கியபோது கங்கா போன் செய்தாள்.

"ஏங்க, வடக்கே ஒரே மழையாம். ஈப்போவுல இறக்கிட்டாங்க. சீரெல்லாம் எங்கிட்டதான் இருக்கு."

"முருகா!" ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டினார். வெறும் தேங்காயோடு போய் நிற்கும் தாய்மாமனை ஊர் என்ன சொல்லும்? வேனைத் திருப்பினார்.

ஈப்போவில் லிங்கேஸ்வரன் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் கொஞ்சம் பொறுத்தா கிளியர் ஆயிரும்லா அக்கா."

"நீங்க மேகத்துகிட்ட பேசிக்கிட்டு இருங்க தம்பி, நாங்க கெளம்புறோம்" என்று கங்கா வேனில் ஏறினாள். லிங்கேஸ்வரனும் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

தங்கச்சி மோகனா போனில் பொரிந்தாள். "பஸ்ஸுல வந்தவங்கல்லாம் டீ குடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. பிளேன்ல வர்ற மாமன எங்க அண்ணே காணோம்?"

சன்னாசி பல்லைக் கடித்தபடி ஓட்டினார். மழையும் விடவில்லை.

போய்ச் சேர்ந்தபோது நலங்கு பாதி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பொறுக்கவில்லையாம். துளசியின் பெரியப்பா முதல் சந்தனத்தை வைத்துவிட்டார். சன்னாசி கிண்ணத்தில் விரலைத் தோய்த்துவிட்டு, தயங்கி நின்றார். துளசி மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் யாரையும் வைக்க விடல மாமா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தனம் வைத்து நிமிர்ந்தபோது, லிங்கேஸ்வரன் மெல்லக் காதருகே வந்தார்.

"அண்ணே, பிளேன் ஈப்போவுல நிக்குது. நாளைக்கு என்னைய அங்க விட்டுட்டு, சுபாங்குல வந்து ஏத்திக்கிறீங்களா?"