பொம்மைக் கல்யாணத்தில் இலைத் தகராறு

எல்லாரும் கேளுங்கள், எங்கள் கொலுவில் இன்று காலை பொம்மைக் கல்யாணம்! பெண் என் மரப்பாச்சி. மாப்பிள்ளை, அடுத்த வீட்டு ரோஸியின் செல்லுலாய்டு பொம்மை.

பந்தி முழுக்க என் கைவேலை. மெழுகைச் சீவிச் சோறு. மரத்தூளைப் பசையில் பிசைந்து, தீக்குச்சியால் ஓட்டை போட்டு வடை. பேகம்பூர்க் கடையில் வாங்கிய மஞ்சள் கண்ணாடித்தாளில் நயா பைசா அளவுக்கு அப்பளம். பச்சைக் காகித இலைகளைக் கீழ்ப்படியில் ஒட்டி, அவற்றின்மேல் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டேன்.

ரோஸி மாப்பிள்ளை வீட்டாரைக் கொண்டுவந்து, எங்களைப் பார்த்தபடி வரிசையாக உட்காரவைத்தாள்.

"ஏடி, வடையப் பாத்தா எடுத்துத் திங்கணும்போல இருக்கு!"

எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடனே அவள் முகம் மாறியது. "எலை நுனி மாப்பிள்ளைக்கு வலப்பக்கம்ல கெடக்கு! இம்புட்டு வெஞ்சனம் பண்ணத் தெரிஞ்சவளுக்கு எலை போடத் தெரியலையே."

பார்த்தால், நானே சாப்பிடப்போவதுபோல் நுனியை என் இடப்பக்கம் வைத்து ஒட்டியிருக்கிறேன்!

"எலையத் திருப்பு. இல்லேன்னா மாப்பிள்ளையத் தூக்கிட்டுப் போறேன்."

இலையைப் பிய்த்தால் விருந்தே கிழிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டாரை அப்படியே தூக்கி, இலைக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தேன். ரோஸி நுனியைச் சரிபார்த்துத் தலையாட்டினாள். கல்யாணம் ஜாம்ஜாமென்று முடிந்தது!

சாயந்திரம் கட்டாயம் வாருங்கள், சுண்டல் உண்டு. மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்து வாழ்த்திவிட்டு, ஆள் அழகா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.