போனில் சொல்லக்கூடாத செய்தி

தனியாக இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தியைப் போனில் சொல்லக்கூடாது என்பது எங்கள் சனத்தின் எழுதாத சட்டம். விழுந்தால் பிடிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது பெரிய பாடில்லை. செய்தி கொண்டு வருகிறவனே பிடிப்பான். இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவிலும் சமாளிக்கலாம், ஒரேத்தோத் தெருவில் நாங்கள் இருந்த கட்டிடத்திலேயே சில தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. என் தம்பி இருந்தது துனீசியாவின் தெற்கில், பாலைவனத்துக்குள், ரோட்டுப் போடும் கொம்பனி ஒன்றின் முகாமில். அங்கே அவனைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? அதனால் நான் போக வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றி, வலிகாமத்துச் சனம் முழுக்க வீடு வாசலை விட்டு வெளிக்கிட்ட வருசம் அது. அம்மா சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சலோடு கிடந்து கண்ணை மூடினார். கனடாவில் இருக்கும் மச்சாள் மூலம் எங்களுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது. அப்போது நான் லிபெர்த்தாத் தெருவில், நான் பராமரித்து வந்த கிழவருக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மனைவி போனில் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு வந்து மற்றக் கன்னத்தையும் வழித்தேன். "என்ன?" என்று கிழவர் கேட்டார். "நியெந்தே," ஒன்றுமில்லை, என்றேன். அவர் இருதய வருத்தக்காரர். அவர் வீட்டில் நான் அழ முடியுமா?

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அறை நிறையச் சனம். ஆளுக்காள் ஒரே கதைதான்: "தம்பிக்குச் சொல்லிப்போடாதை. அவன் தனிய." எனக்கு எரிச்சல் வந்தது. செத்தது என்னுடைய அம்மாவும்தான், அதை ஒருவரும் யோசிக்கவில்லை. அவனுக்குச் சொன்ன பிறகு அழுவோம் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். அடக்கியது அப்படியே இறுகிப்போய்விட்டது.

தம்பியை இத்தாலிக்குக் கொண்டு வருகிறேன் என்று காசை வாங்கிய ஏஜென்சிக்காரன் அவனைத் துனிசில் விட்டுவிட்டு மறைந்துபோனான். நாசமாய்ப் போவான், இன்றைக்கும் அவனை நினைத்தால் எனக்குப் பல்லு நறுமுகிறது. தம்பி எப்படியோ அந்த முகாமின் குசினியில் வேலை எடுத்துக்கொண்டான். நான் விசா கொடுக்கிற பொலிஸ் கந்தோருக்கு, கெஸ்தூராவுக்குப் போய் அவனைக் கூப்பிட வழியுண்டா என்று கேட்டேன். மனைவியைக் கூப்பிடலாம், பிள்ளையைக் கூப்பிடலாம், தாய் தகப்பனைக்கூடக் கூப்பிடலாமாம். தம்பியைக் கூப்பிட ஏலாதாம். அந்தச் சட்டத்தில் தம்பி குடும்பம் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனுசன்தான், தோளைக் குலுக்கினார். நான் பஸ் வரும்வரை தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் வுச்சீரியாச் சந்தையில் மீன் பெட்டி தூக்குகிற ஒரு துனீசியன். முன்பு ஒரு சாப்பாட்டுக் கடையில் அவனும் நானும் சேர்ந்து கோப்பை கழுவியிருக்கிறோம். ஒவ்வொரு நோன்பு காலத்துக்கும் அவன் தன் பழைய காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவான். அந்த வருசம் நோன்பு மாரிக் குளிரில் வந்தது. காரின் கூரையில் தாய்க்கென்று வாங்கிய புது மெத்தை, பின்சீற் முழுக்கப் பெட்டிகள். "என் ஊருக்குப் போகிற வழியில்தான் அந்த முகாம் இருக்கிறது, கும்பா. வா," என்றான், இரண்டு பேருக்கும் பொதுவாய் இருந்த சிசிலி மொழியில். கும்பா என்றால் கூட்டாளி.

வெளிக்கிட முதல் முகாம் ஒபிசுக்குப் போன் எடுத்தேன்.

"நான் அங்கை வாறன்."

"என்னத்துக்கண்ணை?"

"சும்மாதான்ரா. உன்னைப் பாக்க."

 அவன் சிரித்தான். "ஓம் ஓம், வாங்கோ," என்றான். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கவில்லை.

பாலைவனம் என்றால் வெக்கை என்று நினைத்து மெல்லிய ஜக்கெற்றோடு போன மடையன் நான். கப்பலால் இறங்கித் தெற்கே போகப் போகக் குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஒலிவ் மரங்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. காற்று மணலை ரோட்டுக்குக் குறுக்கே அரித்துக்கொண்டு போனது. ஓர் இடத்தில் வெட்டை முழுக்க உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடந்தது. வேறு நேரமென்றால் காரை நிறுத்தச் சொல்லியிருப்பேன். என் தலைக்குள் ஒரே ஒரு யோசனைதான் இருந்தது.

எங்கள் ஆட்கள் செத்ததை நேரே சொல்ல மாட்டார்கள். முதலில் கொஞ்சம் சுகமில்லை என்பார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறது என்பார்கள். பிறகு கடுமையாம். அதற்குப் பிறகுதான் மற்றது. நானும் அந்த ஒழுங்கில்தான் சொல்வது என்று வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

பக்கத்தில் அவன் நோன்போடு கார் ஓட்டினான். அவன் சாப்பிடாததால் நானும் சாப்பிடவில்லை. அவனோ வாய் ஓயாமல் தாயைப் பற்றியே கதைத்தான். தாய் சூப் வைத்திருப்பாளாம். கார்ச் சத்தம் கேட்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படலைக்கு வருவாளாம். பொத்தடா வாயை என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் எதற்காகப் போகிறேன் என்று கப்பலிலேயே அவனிடம் சொல்லியிருந்தேன். திடீரென்று அது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பாதி வசனத்தில் நிறுத்திவிட்டான். பிறகு ஒரு சொல் கதைக்கவில்லை. அது இன்னும் பொறுக்க முடியாமல் இருந்தது.

பொழுது சாய முதல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையாய் இரும்புக் கொள்கலன்கள், ஒரு தண்ணீர்த் தாங்கி, நோன்பு திறக்க மணலில் விரித்த பிளாஸ்ரிக் விரிப்பு. கார் நின்றதும் வேலையாட்கள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "இத்தாலியா, இத்தாலியா," என்று ஒரே சிரிப்பு. ஒருவர் என் முதுகில் தட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்போதுதான் தம்பியைக் கண்டேன். ஆள் நல்லாய் மெலிந்துவிட்டான். முகம் வழித்து, மடிப்புக் குலையாத சேர்ட்டைக் கழுத்து வரைக்கும் பூட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய இழுத்திருந்தான். காலடியில் சிப் இழுத்துப் பூட்டிய பை. கட்டிலையும் கம்பளியையும் புதிதாய் வந்த பெடியனுக்குக் கொடுத்துவிட்டானாம்.

"எத்தினை மணிக்கண்ணை வெளிக்கிடுறம்?" என்று கேட்டான்.

இந்தக் குளிரில், இவ்வளவு தூரம், கடல் தாண்டி ஒருவன் சும்மா வருவானா? கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறேன் என்று நினைத்திருக்கிறான். முகாம் முழுக்கச் சொல்லியும் இருக்கிறான்.  இனிச் சுணங்கினால் சொல்லவே மாட்டேன் என்று பட்டது.

"தம்பி, அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனும் எங்கள் ஆள்தானே.

"எப்பவண்ணை?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். இடம்பெயர்ந்தது, பள்ளிக்கூடம், காய்ச்சல், மருந்து கிடைக்காதது. அசையாமல் நின்று கேட்டான்.

"ஆர் கொள்ளி வைச்சது?"

தாய்க்குக் கொள்ளி வைக்கிறது கடைசி மகன். அவன்தான் எங்கள் வீட்டில் கடைசி.

"சித்தப்பாவின்ரை பெடியன்."

"ம்," என்றான். பிறகு பையைப் பார்த்தான். "அப்ப நான் வரேல்லையோ?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "டேய், பெத்த தாய் செத்துப்போனா எண்டு சொல்லுறன், உனக்கு இத்தாலி கேக்குதோ? ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை உனக்கு. நீயெல்லாம் ஒரு பிள்ளையோ?" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்களுக்கு மொழி விளங்காவிட்டாலும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சத்தம் போடாதையுங்கோ அண்ணை, ஆக்கள் பாக்கினம்," என்றான் மெல்ல. "நான் எங்கையண்ணை அழுறது? அந்த இரும்புப் பெட்டிக்குள்ளை ஒன்பது பேர் படுக்கிறம். ராவிலை ஒருத்தன் திரும்பிப் படுத்தால் எல்லாரும் முழிக்கினம். இஞ்சை ஒருத்தருக்கும் அம்மாவைத் தெரியாது. உங்கடை வீட்டை வந்தாலாவது..."

மிச்சத்தைச் சொல்லவில்லை.  என் வீட்டில் மட்டும் என்ன வாழுதாம்? ஒரு அறை, நடுவில் திரை, அந்தப் பக்கம் வேறு குடும்பம். எனக்கே அங்கே அழ இடம் கிடைக்கவில்லை.

துனீசியனுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. காரின் பின்கதவைத் திறந்து, பெட்டிகளை ஒரு பக்கம் தள்ளி, ஓர் ஆள் இருக்க இடம் எடுத்தான். "உள்ளே இருக்கச் சொல்லு, கும்பா," என்றுவிட்டு விரிப்புப் பக்கம் போனான்.

தம்பி ஏறிக் கதவைச் சாத்தினான். நான் வெளியில் நின்றேன்.  உள்ளேயிருந்து, "என்ரை அம்மா" என்று ஒரு குரல் வந்தது. கோயில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை கத்துவது போல் இருந்தது அது. கார் ஆடியது.  மற்றப் பக்கக் கதவைத் திறந்து, ஒரு பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் ஏறினேன். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பலெர்மோவில் வராத அழுகையெல்லாம் எனக்கு அங்கேதான் வந்தது. பந்தலும் பறையுமாய் ஊர் கூடி நடக்க வேண்டிய செத்தவீடு, யாரோ ஒரு தாய்க்கு மெத்தை ஏற்றிப் போகிற காருக்குள் நடந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோம் என்று தெரியாது. அதற்கிடையில் சூரியன் இறங்கி, எங்கோ ஒலிபெருக்கியில் பாங்குச் சத்தமும் கேட்டு முடிந்தது.

தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கூரையில் இருக்கிற மெத்தை யாருக்கென்று கேட்டான், சொன்னேன்.

"நீங்கள் வெளிக்கிடுங்கோ அண்ணை. அவரின்ரை அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

"நீ?"

"நான் இஞ்சை இருக்கிறன். வேறை எங்கை போறது?" எங்கள் மூச்சுப் பட்டுப் புகார் படிந்த கண்ணாடியைப் பார்த்தான். "வெளியிலை கேட்டிருக்குமோ அண்ணை?"

நான் என் பக்கத்துக் கண்ணாடியில் கொஞ்ச இடத்தைக் கையால் துடைத்துப் பார்த்தேன். விரிப்பில் சூப்பும் பேரீச்சம்பழமும் வைத்தபடியே கிடந்தன. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காத அந்த மனிதர்கள், துனீசியனும் சேர்ந்து, ஒன்றையும் தொடாமல் காரைப் பார்த்தபடி நின்றார்கள்.

"இல்லையடா," என்றேன். "ஒருத்தருக்கும் கேக்கேல்லை."