அசதி யாருக்குப் போகும்?

புத்தகக் கடையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வியாதி வரும்: தங்களுக்குப் பிடித்த புத்தகத்தை ஊரே படித்தாக வேண்டும். உங்களுக்கும் அது வந்திருந்தால், வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எங்கள் கடை. கைடு, நோட்டு, பேனா. ஓரத்தில் கதைப் புத்தகங்களுக்கு ஒரே ஒரு ஷெல்ஃப். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்த ஷெல்ஃபுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். ஒருவர் உடம்பின் அசதியை இன்னொருவர் உடம்புக்கு மாற்றும் இயந்திரம் வந்துவிட்ட காலத்தைப் பற்றிய ஓர் அறிவியல் நாவலைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டுப் பிரதி வரவழைக்கலாமா என்று முதலாளி பாயிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "பக்ரீத் வரைக்கும் பாக்கறேம்மா. போகலைன்னா அந்த ஷெல்ஃப்ல குரூப் ஃபோர் கைடு ஏத்திடுவேன். அப்புறம் பேஜார் பண்ணக் கூடாது."

தூங்காத வாசகர்

முதல் பிரதியை வாங்கியவர் ஒரு ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர். 'கடைசி அத்தியாயம் கொஞ்சம் குழப்பும் சார்' என்று சொல்லித்தான் கொடுத்தேன். மறைத்து விற்க எனக்கு வராது. அடுத்த வாரமே புத்தகத்தோடு வந்து நின்றார். திருப்பித் தரப்போகிறார் என்று நினைத்தேன். கல்லா மேல் அதைத் தட்டி வைத்துக் கேட்டார்: "ட்யூட்டி முடிச்சு வந்து படுத்தா தூக்கம் வரல. இது என் அசதிதானா, எங்க இன்ஜினியர் அசதியா? அத சொல்லும்மா மொதல்ல."

தெரிந்த இயந்திரம்

பேரணாம்பட்டு காலேஜ் பெண் ஒருத்தி வாங்கிப்போனாள். அம்மா பீடி சுற்றச் சுற்ற, இவள் உரக்கப் படித்திருக்கிறாள். பிறகு இருவருமே கடைக்கு வந்தார்கள். நாவலில் பணக்காரர்களின் அசதியைக் கூலிக்கு வாங்கிக்கொள்ளும் மீனாவைப் பற்றி மகள் படபடவென்று பேசினாள். 'எப்படி யோசிச்சிருக்காங்க பாரு!' என்று நானும் குதித்தேன். அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இன்னா பெரிய மெஷினு? எனக்குக் கல்யாணத்தன்னிக்கே மாட்டி வுட்டாங்க."

லைன் படிப்பு

ஷூ கம்பெனி தையல் செக்ஷன் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கினார்கள். அவர்கள் லைனில் முழு ஷூவை யாரும் தைப்பதில்லை. ஆளுக்கு ஒரு பாகம். அதே பழக்கத்தில் புத்தகத்தையும் ஐந்தாகப் பிரித்து, ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு பாகம் படித்துவிட்டார்கள். கடைசிப் பாகம் கிடைத்த நிர்மலா, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. "அந்த மீனா செத்துட்டாக்கா. நல்லா அழுது முடிச்சிட்டேன். அவ யாருக்கா?"

ஐந்தாவது பிரதி

பக்ரீத் நெருங்கியது. பாய் கைடு கட்டுகளை ஷெல்ஃப் பக்கத்தில் இறக்கி வைத்தார். அன்று சாயங்காலம் அந்த ஐந்து பேரும் உள்ளே நுழைந்தார்கள். ஆளுக்கு ஒரு பாகம் படித்ததால் ஆளுக்கு ஒரு நியாயம். மீனா செய்தது சரியா தப்பா என்று லைனே இரண்டுபட்டுக் கிடந்ததாம். முழுசாகப் படித்துவிட்டுத்தான் இனிச் சண்டை. ஐந்து பிரதி வேண்டும்.

ஷெல்ஃபில் நான்குதான் இருந்தன. ஐந்தாவதைத் தேடித் தேடி, பாயின் மேஜை டிராயரைத் திறந்தேன். நடுப்பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு அங்கே கிடந்தது.

"அத குடுக்க மாட்டேன்," என்றார் பாய். "மீனா தப்பிச்சிடுவான்னு நெனக்கிறேன். பாக்கணும்."

"செத்துடுவா பாய்," என்றாள் நிர்மலா.

நான் கைடு கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னும் இருவது காப்பி சொல்லிடும்மா. ஆனா இந்தப் பொண்ண மட்டும் இனிமே கடைக்குள்ள வுடாத."

அந்த இயந்திரம் வருமோ வராதோ, நாவல் படித்தவர்களின் சண்டையெல்லாம் வந்து இறங்கும் இடமாக நான் ஆகிவிட்டதால், சாயங்காலம் கால் வலித்தால் அது என் வலிதானா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.