திராட்சைத் தோட்டத்தில் நீட்டிய கிண்ணம்

இதை எழுதலாமா என்று நான்கு வருடமாகத் தயங்கினேன். மகளைப் பார்க்க நானும் மனைவியும் பிரான்சிலுள்ள மார்செய் நகரத்துக்குப் போயிருந்தோம். பழைய துறைமுகத்துக்கு மேலே குன்றிலிருக்கும் மாதாவிடம், குடியை விட்டபோது கொடுத்த, இனி மதுவைத் தொடுவதில்லை என்ற வாக்கை மறுபடி சொன்னேன். மறுநாள் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் திருப்பலி. எங்கள் சேலத்துக் கோயிலில் நற்கருணை அப்பம் மட்டும்தான் தருவார்கள். அங்கே திராட்சை மது இருந்த இரசக் கிண்ணத்தையும் நீட்டினார்கள். கை தானாக வாயைப் பொத்தியது.

"ஏனுங்க, அது ஆண்டவரோட ரத்தமுங்க," என்றாள் பின்னால் நின்ற மனைவி.

"மாதாகிட்ட என்னன்னு சொல்றது?"

"அப்பெல்லாம் மாதாவைக் கேட்டுட்டுத்தான் குடிச்சீங்களாக்கும்!"

விலகிப் போய்விட்டேன். வாக்கைக் காத்தேனா, ஆண்டவரையே வேண்டாமென்றேனா, இன்னும் விளங்கவில்லை. படிப்பவர்கள் யாருக்காவது இதைச் சொன்னால், குடித்தேன் என்றோ ஜெயித்தேன் என்றோ மாற்றாமல், குழம்பி விலகினேன் என்றே சொல்லுங்கள்.