பாசுக்கு வெட்டிய முகம்

தேவராசாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். அவரும் தானும் சேர்ந்து நிற்கும் படம்தான் அதில் வரவேண்டும் என்று மனைவி மேர்சி ஒரே பிடியாக நின்றார். உயிரோடு இருப்பவரின் படத்தைப் போடுவதா என்று உறவினர் கேட்டார்கள். "நான் பக்கத்திலை நிண்டா அந்தாளுக்கு என்ன குறை?" என்று வாயை அடைத்துவிட்டார்.

மகள் ஜெசிதா கணினி வலையமைப்புப் பொறியியலாளர். வீட்டு மேசையில் ஸ்கானரை வைத்து அல்பத்தைத் திறந்தாள். பெரிதாக்கிய படங்கள் எல்லாவற்றிலும் அப்பாவின் முகம் இருந்த இடத்தில் சதுர ஓட்டை.

அவள் அறிந்த ஓட்டைகள்தான். தேவராசா குருநகர்க் கடற்தொழிலாளி. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகப் படையினரின் அனுமதி அட்டை, பாஸ், வேண்டும். பாசுக்குப் படம் வேண்டும். பொருள் தடையால் ஸ்ரூடியோவிலோ படச்சுருள் இல்லை. வலை வெட்டும் கத்தியை எடுத்தார், வீட்டுப் படங்களிலிருந்து தன் முகத்தை வெட்டிக் கொடுத்தார், வள்ளத்தை இறக்கினார். அதற்காக ஒருநாளும் வருந்தியவரல்ல.

"கலியாணப் படத்திலை மாப்பிள்ளை எங்கை எண்டு சனம் கேக்கும். தொழிலுக்குப் போயிட்டார் எண்டுவன்," என்றார் மேர்சி.

"அந்தப் பாஸ் எங்கை அம்மா?"

"புதுசு எடுக்கேக்கை பழசைக் குடுக்கவேணும். கடைசிப் பாஸ்தான் கிடக்கு."

ஜெசிதா படங்களையும் அதையும் ஸ்கான் செய்து, திரையில் ஒவ்வோர் ஓட்டையின் மேலும் வைத்துப் பார்த்தாள். கலியாணப் படத்தில் பொருந்தவில்லை. அப்பா இடக்கைக்காரர், அவர் வெட்டினால் ஒரு விளிம்பு சரியும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. அவளுடைய ஞானஸ்நானப் படத்தில்தான் அந்த முகம் விளிம்புக்கு விளிம்பு அமர்ந்தது. வெள்ளைச் சட்டைக் குழந்தையை ஏந்தியபடி அப்பா. பக்கத்தில் அம்மா.

அவள் அந்த முகத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

அப்பாவின் கன்னத்தில் பாசின் ஊதாச் சீல் அரைவட்டமாகக் கிடந்தது.

"உதை வடிவா அழிச்சுப்போடுவன் அம்மா."

"அழிக்காதை பிள்ளை. உந்தச் சீல் இல்லாட்டி உன்ரை அப்பரைக் கடலுக்கு விட்டிருப்பாங்களே? பிறகு நீ எங்கை படிக்கிறது, உந்த மிசினைத் தட்டுறது?"

"அப்ப அட்டையிலையும் சீலோடையோ?"

"ஓம். சீலோடைதான்."

ஓட்டையோடு உள்ள படத்தை ஒரு கோப்பாகவும், சேர்த்ததை இன்னொன்றாகவும் ஜெசிதா சேமித்தாள். இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்தாள். கனடாவிலுள்ள தம்பி றெஜிக்கும் அனுப்பினாள். பிறகு அச்சகத்துக்கு எழுதினாள்: கன்னத்தில் இருப்பது பாசின் சீல், கறை என்று நினைத்துத் திருத்த வேண்டாம்.