கை ஆடாமல் ஒரு கருடன்

காட்டுக் கெரில்லாக்களோடு சண்டை நடந்த அந்த அவசரகாலத்தில் நீளமாக எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் சந்தேகம்தான். தஞ்சோங் கிளிங் சாலையில் எங்களை நிறுத்திய போலீஸ்காரர், என் அண்ணனின் கேமரா லென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முழங்கை நீளம் இருந்த அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஸ்டாண்டைத்தான் பிடித்துக்கொண்டார். மூன்று இரும்புக் கால்கள். மெஷின் கன்னை நிறுத்துகிற தாங்கி என்று முடிவு கட்டிவிட்டார். கேமராவை நிறுத்தத்தான் என்று அண்ணன் மலாயில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதைச் சாவடிக்குள் வைத்துவிட்டார் போலீஸ்காரர்.

அண்ணன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் அந்த லென்ஸைப் புதிதாக வாங்கி, லீவுக்குத் தெங்கேராவில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. படம் எடுக்கும் பைத்தியம் எனக்கும் உண்டு, ஆனால் என் சாதாரண லென்ஸில் பருந்தை எடுத்தால் ஈ மாதிரி விழும். அண்ணனின் லென்ஸை என் கேமராவில் மாட்டிப் பார்த்த அன்றே எனக்குத் தூக்கம் போனது. கருடனின் கண்ணைப் படம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். போலீஸ்காரர் எங்களை நிறுத்திய அன்று மாலையே பஸ்ஸில் அண்ணன் கிளம்புகிறார். லென்ஸும் போய்விடும்.

ஸ்டாண்ட் போனதும், வீட்டுக்குத் திரும்பலாம் என்றார் அண்ணன். இவ்வளவு கனத்தைக் கையில் ஏந்தி எடுத்தால் படம் ஆடிப்போகும், பெண்பிள்ளை கை வேறு என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தக் கையாலேயே எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"கண்ணு தெரியிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டு லா. லென்ஸு உனக்கே."

கடற்கரையில் படகுகள் வந்திருந்தன. மீனவர்கள் ஒதுக்கிப் போட்ட சின்ன மீன்களுக்காகக் கருடன்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. வெள்ளைத் தலை, செம்மண் நிற இறக்கை. ஒன்று நேரே என்னை நோக்கி இறங்கியது. லென்ஸ் நிறையக் கருடன்! அழுத்த வேண்டிய அந்த நேரம் பார்த்து, என் வலது கை தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கருடனைக் கண்டால் அப்படிச் செய்தே வளர்ந்த கை. அதற்கு லென்ஸ் தெரியுமா, பந்தயம் தெரியுமா? அண்ணன் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கருடனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த முறை வலது கையைக் கேமராவோடு அழுத்தி வைத்தேன். மூச்சை நிறைய இழுத்து அடக்கினேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்தத் துடிப்பு முழுவதும் லென்ஸின் நுனிக்குப் போய், கண்ணெதிரே கடலே குதித்தது. அழுத்தினேன். ஆடிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் ஆடியது. ஃபிலிம் தீர்ந்துகொண்டே வந்தது.

ஆத்திரத்தில் ஒரு தென்னை மரத்தில் முதுகைச் சாய்த்தேன். பதற்றம் தணியட்டும் என்று ஒரு பதிகத்தை முணுமுணுத்தேன்; வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பாடுகிறவள் நான். ஒரு வரி முடிந்து, அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கும் முன், உடம்பு ஒரு கணம் சும்மா இருந்தது. லென்ஸும் அசையாமல் நின்றது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. இதுதான், இதேதான் என்று மனசு கூத்தாடியது.

சேலையைத் தூக்கிச் செருகி, கால்களை அகட்டி ஊன்றினேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கையை லென்ஸின் அடியில் கொடுத்தேன். மீனைக் கவ்விய கருடன்கள் எல்லாம், தண்ணீரில் நட்டிருந்த ஒரு வலைக்கம்பத்தின் மேலாகத்தான் போயின. அந்தக் கம்பத்துக்கு ஃபோகஸை வைத்து நிறுத்தினேன். ஷட்டரை முழு வேகத்துக்குத் திருப்பினேன். ஃபிலிமில் கடைசிப் படம். பாட ஆரம்பித்தேன். ஒன்று வந்தது. அதோடு சேர்ந்து இடுப்பிலிருந்து திரும்பினேன். அது கம்பத்துக்கு நேரே வரவும் என் வரி முடியவும் சரியாக இருந்தது. அழுத்தினேன். பிறகுதான் மூச்சை இழுத்தேன்.

கிடைத்ததா இல்லையா என்று அங்கே யாருக்குத் தெரியும்? ஸ்டாண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். அரிசி மூட்டை வைக்கும் அறையின் ஜன்னலைக் கம்பளியால் மூடி, ஃபிலிமை நானே கழுவினேன். அண்ணன் பெட்டியைக் கட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஈரம் சொட்டச் சொட்ட ஃபிலிமை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தேன். வரிசையாக எல்லாம் கலங்கல். அண்ணன் பூதக்கண்ணாடியைக் கடைசிப் படத்தின் மேல் வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"கண்ணு தெரியுது" என்றார் கடைசியில்.

கட்டிய பெட்டியை அவிழ்த்து, லென்ஸைத் தோல் உறையோடு எடுத்தார். ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். படியிறங்கிப் போனவர் கேட்டருகே நின்று திரும்பினார்.

"தீபாவளிக்கு வர்றேன் தங்கச்சி. அப்ப ஒரு நாளைக்கு எனக்கு இரவல் குடுப்பியா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.